உதிரி நான்கு

பைபிள் கணக்கில் உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் நம் எழுத்தாள நண்பர்கள் கூடும் இடத்தில் உடனே ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பு எனக்குப் பல வருஷப் பழக்கம். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்த நாட்களில் அஷரின் ஒரு பக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை. ஆதியாகமத்தின் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படித்ததும் இல்லை. இப்போது சிரிப்பவர்களும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பது என் அனுமானம். சமீபத்தில் அப்படியொரு சிரிப்பு அடங்குமுன் நண்பர் ஒருவர், கவிஞர், தீர்ப்பு வழங்கினார்: “பூமிக்கு வயசு 454 கோடி வருஷம். அதிலே மனுஷன் நேத்து ராத்திரி வந்தவன். அவனுக்கு எந்த முக்கியத்துவமும் கிடையாது. கிறிஸ்துவம் அதோட முடிஞ்சு போச்சு.”

நான்கு வாக்கியங்கள். முதலிரண்டும் உண்மை. மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ மூன்று லட்சம் வருஷம் என்று வைத்துக்கொண்டால், பூமியின் ஆயுளில் அது பதினையாயிரத்தில் ஒரு பங்கு. சரி. ஆனால் மூன்றாவது வாக்கியம் முதலிரண்டிலிருந்து பெறப்படவில்லை. நான்காவது, சரித்திரம் தெரியாமல் சொல்லப்பட்டது. இந்த இரண்டு வாக்கியங்களோடுதான் என் சண்டை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் 2007-ல் ஒரு ‘படைப்பு அருங்காட்சியக’த்தைத் திறந்தார்கள். டைனோசர்களின் அருகே மனிதக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பதாக அங்கே பொம்மைக் காட்சி வைத்திருக்கிறார்கள். பூமிக்கு வயது சுமார் 6000 வருஷம் என்பது அதை நிறுவியவர்களின் விசுவாசம். அவர்களுடைய தர்க்கத்தை உரித்துப் பார்த்தால் கிடைப்பது இது: பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்றால் மனிதன் அற்பம், மனிதன் அற்பமல்ல, ஆகவே கோடிக்கணக்கான வயது பொய். நம் கவிஞர் சொல்வது: பூமிக்குக் கோடிக்கணக்கான வயது, ஆகவே மனிதன் அற்பம். இருவரும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வாக்கியத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். நீளமும் அகலமும் உள்ளதற்கே முக்கியத்துவம் உண்டு என்ற அந்த வாக்கியத்தை இருவருமே பரிசோதிக்கவில்லை. அது பத்திர ஆபீஸ் அளவுகோல். கவிதை எழுதுகிறவன் அதைக் கையிலெடுப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மூன்று வரிக் கவிதை ஒன்று முந்நூறு பக்க நாவலைவிட அற்பம் என்று அவர் ஒப்புக்கொள்வாரா?

முதலில் சிரிப்புக்கு இலக்கான மனிதரைப் பார்ப்போம். ஜேம்ஸ் அஷர் அயர்லாந்தில் அர்மா நகரின் பேராயர். தம் காலத்தின் பெரிய படிப்பாளிகளில் ஒருவர். 1650-ல் வெளிவந்த அவருடைய லத்தீன் நூல், பைபிளை மட்டும் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிய கணக்கல்ல. அதில் பெரும்பகுதி பாரசீக, கிரேக்க, ரோம சரித்திரம். ஆதாம் முதலான வம்சாவளி வயதுகளைக் கூட்டுவது சுலபம். பிறகு வரும் அரசர்களின் ஆட்சி வருஷங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். அதற்கும் பிறகு பைபிளில் தொடர்ச்சியே அறுந்துபோகும். அந்த அறுந்த நுனியை வெளிச் சரித்திரத்தோடு முடிய ஒரு முடிச்சு வேண்டும். பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் இறந்த வருஷத்தில் அஷர் அந்த முடிச்சைப் போட்டார். அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் படைப்பின் முதல் நாள் கி.மு. 4004 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை என்றும், அதற்கு முந்திய மாலை இருட்டும்போது காலமே தொடங்கியது என்றும் முடிவு கட்டினார். 4004-ல் அந்த உதிரி நான்கு எதற்கு? கிறிஸ்து பிறந்தபோது உயிரோடிருந்த ஏரோது கி.மு. 4-ல் இறந்துவிட்டான் என்பது யூத சரித்திராசிரியர் ஜொஸீபஸின் நூலிலிருந்து தெரியவருவது. ஆகவே நம் சகாப்தக் கணக்கே நான்கு வருஷம் பிசகு. பிசகைத் திருத்தி, அதற்கு முன் நாலாயிரம். தம் மதத்தின் காலண்டரிலேயே தவறு உண்டு என்று ஒப்புக்கொண்டு திருத்துகிற ஒரு மூளையின் அடையாளம் அந்த நான்கு. அஷரின் விடை தவறு. ஆனால் அவர் கையாண்டது அன்று கிடைத்த சாட்சியங்கள் அத்தனையும். கெப்ளரும் இதையொட்டிய ஒரு வருஷத்தைத்தான் சொன்னார். கெப்ளரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. 1991-ல் அஷருக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதியவர் ஸ்டீஃபன் ஜே கூல்ட். பரிணாமவாதி, மத நம்பிக்கை இல்லாதவர். ஓர் அறிஞனை அவனுடைய காலத்துக் கருவிகளை வைத்து மதிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. விமர்சகனுக்கு இது பால பாடம்.

அஷரின் தேதி 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அச்சாகத் தொடங்கியது. ஓரக் குறிப்பு மெல்ல மெல்ல மூலத்தின் அதிகாரத்தைப் பெற்றுவிட்டது. பதிப்பாசிரியன் போட்ட குறிப்பைக் கடவுளின் வாக்காகப் படிப்பதற்கு வாசகர்கள் பழகிக்கொண்டார்கள். இதே கணக்கை யூதர்கள் கி.மு. 3761 என்றும், கிரேக்க மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்ட பைஸாண்டியத் திருச்சபை கி.மு. 5509 என்றும் போட்டிருக்கிறார்கள். எபிரேய மூலத்திலும் கிரேக்கப் பிரதியிலும் முன்னோர்களின் வயதுகள் வேறு வேறு. எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன் என்கிறவரிடம், எந்த எழுத்து என்ற கேள்வியை வைத்தால் அவர் பேச்சை மாற்றுவார்.

இரண்டாவது விஷயம்: ஆறு நாள் என்பதை இருபத்துநாலு மணி நேரக் கணக்காகப் படிப்பது கிறிஸ்துவத்தின் ஆதிப் பாட்டை, மற்றதெல்லாம் டார்வினுக்குப் பயந்து செய்துகொண்ட சமாதானம் என்கிறார்கள். இதை மதப் பிரசாரகர்களும் சொல்கிறார்கள், நாத்திகர்களும் சொல்கிறார்கள். சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அதற்கு முன் மூன்று நாட்களின் காலையும் மாலையும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டார். இதைப் புத்தியுள்ளவன் சொல்லர்த்தத்தில் எடுத்துக்கொள்ள மாட்டான் என்பது அவர் எண்ணம். அகஸ்டின் ஆதியாகமத்துக்கு எழுதிய பெரிய உரையில், படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது, ஆறு நாள் என்பது நம் நாட்களைப் போன்றதல்ல என்ற முடிவுக்குப் போகிறார். வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் ஓரளவு அறிந்த புறமதத்தவன் முன்னால் ஒரு கிறிஸ்துவன் வேதத்தின் பெயரால் உளறினால், அவமானம் வேதத்துக்குத்தான் என்ற எச்சரிக்கையும் அதே உரையில் இருக்கிறது. அகஸ்டினை நவீனராக்கிவிடும் உத்தேசம் எனக்கில்லை. மனித இனத்துக்கு ஆறாயிரம் வருஷம்கூட ஆகவில்லை என்றே அவரும் நம்பினார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த அத்தியாயத்தை எப்படிப் படிப்பது என்பது முதல் நூற்றாண்டுகளிலிருந்தே திறந்து கிடந்த கேள்வி.

பூமியின் வயதைக் கூட்டியவர்கள் யார்? பாறை அடுக்குகளில் கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்ற விதியை 1669-ல் எழுதிய ஸ்டெனோ பிற்பாடு கத்தோலிக்க பிஷப் ஆனார். ஆக்ஸ்ஃபோர்டில் ஜியாலஜி கற்பித்த பக்லண்ட் ஆங்கிலிகன் குரு. நோவாவின் பிரளயத்துக்குச் சாட்சி கண்டுவிட்டதாக 1823-ல் புத்தகம் போட்டவர், 1836-ல் அந்தக் கட்சியைக் கைவிட்டார். கேம்பிரிட்ஜின் செட்ஜ்விக்கும் குருதான். பிரளயத்தைப் பற்றித் தாம் முன்பு பிரசாரம் செய்தது தவறு என்று 1831-ல் லண்டன் ஜியாலஜி சங்கத்தின் தலைவர் ஆசனத்திலிருந்தே அறிவித்தார். டார்வினின் நூல் வர இன்னும் 28 வருஷம் இருந்தது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, கல் கட்டாயப்படுத்தியது. தான் தவறு செய்ததைச் சபையில் நின்று சொல்கிற இந்தக் காரியத்தை நம் சூழலில் நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

அந்தக் கல்லில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்காத்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில் ஸிக்கர் முனை. 1788-ல் ஜேம்ஸ் ஹட்டன் இரண்டு சிநேகிதர்களோடு படகில் அங்கே போனார். கீழே ஒரு பாறை, அதன் அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலைகளை அறுத்து அதன்மேல் சிவந்த மணற்பாறை சற்றே சாய்ந்து படுத்திருக்கிறது. பார்க்க இவ்வளவுதான். ஆனால் இதற்கு என்ன நடந்திருக்க வேண்டும்? கடலடியில் வண்டல் படிந்து இறுகிக் கல்லாக வேண்டும். அது மடிந்து நிமிர்ந்து மலையாக வேண்டும். மழையும் காற்றும் அந்த மலையைத் தேய்த்துத் தரையாக்க வேண்டும். அதன்மேல் மறுபடி மணல் படிந்து மறுபடி கல்லாக வேண்டும். அதுவும் உயர வேண்டும். அதையும் இன்றைய கடல் அரிக்க வேண்டும். ஒரு மணல் துகள் படியும் வேகம் நமக்குத் தெரியும். ஆறாயிரம் வருஷம் இந்தச் சுவரில் ஒரு விரற்கடைக்குக் காணாது. இரண்டு பாறைகளும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் மட்டும் ஆறு கோடி வருஷத்துக்கு மேற்பட்ட இடைவெளி ஒளிந்திருக்கிறது என்று இன்று சொல்கிறார்கள். கூடப் போயிருந்த சிநேகிதர்களில் ஒருவர் ஜான் ப்ளேஃபேர், முன்னாள் திருச்சபைக் குரு. காலத்தின் அந்தக் கிடுகிடு பள்ளத்தை எட்டிப் பார்த்ததில் தலை சுற்றியது என்ற பொருள்பட அவர் பிறகு எழுதினார். நம் கவிஞருக்கு 454 கோடி என்ற எண் தெரியும், தலை சுற்றவில்லை. எண்ணை மனப்பாடம் செய்தவனுக்கும் காலத்தை அநுபவித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இது.

இந்தத் தலைசுற்றலைத் தாங்க முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுகிறவர் ஃபிலிப் காஸ். கடல் உயிர்களை நேரில் பார்த்துப் பார்த்து வரைந்தவர். கண்ணாடித் தொட்டியில் கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் மோகத்தை இங்கிலாந்தில் பரப்பியவர். பிளிமத் சகோதரர் என்ற கண்டிப்பான சபையைச் சேர்ந்தவர். 1857-ல் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதே வருஷத்தில் ‘ஓம்ஃபலோஸ்’ என்ற நூலை வெளியிட்டார். கிரேக்கத்தில் அதற்குத் தொப்புள் என்று அர்த்தம். ஆதாமுக்குத் தாய் இல்லை, தொப்புள் இருந்ததா? இருந்திருக்க வேண்டும், முழு மனிதனாகப் படைக்கப்பட்டதால். ஏதேனில் முதல் நாளே நின்ற மரத்தை வெட்டியிருந்தால் உள்ளே வருஷ வளையங்கள் இருந்திருக்கும். ஆகவே படைக்கப்பட்ட கணத்திலேயே பூமிக்குள் எலும்புப் படிமங்களும் இருந்தன. நடக்காத ஒரு கடந்த காலத்தின் தழும்புகளோடு உலகம் உண்டாயிற்று.

தர்க்கத்தில் இதை மறுக்க முடியாது. இதுதான் இதன் ஊழல். நேற்று மாலை உலகம் நம் ஞாபகங்களோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்றாலும் மறுக்க முடியாது. வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சமரசம் செய்துவிட்டதாகக் காஸ் நம்பினார். இரு பக்கத்திலும் கேலிதான் கிடைத்தது. அவரை மிகவும் புண்படுத்தியது நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லியின் கடிதம். கிங்ஸ்லி நாவலாசிரியர், திருச்சபைக் குருவும்கூட. கடவுள் பாறைகளில் இவ்வளவு பெரிய பொய்யை எழுதி வைத்தார் என்று நம்பத் தம்மால் ஆகாது என்பது அவர் சொன்னதன் சாரம். கிங்ஸ்லி இங்கே விஞ்ஞானத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று படிப்பவர்கள் விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். அவர் பேசியது பக்தியின் பாஷை. படைத்தவன் ஏமாற்றுக்காரன் அல்ல என்ற விசுவாசத்திலிருந்துதான் பாறை உண்மை பேசுகிறது என்ற முடிவு அவருக்கு வந்தது. காஸின் கடவுள், வாசகனைத் தோற்கடிக்கவே எழுதும் ஓர் எழுத்தாளன். அப்படிப்பட்ட எழுத்தாளனை வணங்க முடியாது. இந்தத் தகப்பனோடு வளர்ந்த மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய நினைவு நூலில் இந்த அவலம் முழுவதும் இருக்கிறது. கடலோரப் பாறைக் குட்டைகளில் அவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த ஒரு கண், ஒரு அச்சுப் பக்கத்தின் முன் குருடாகிப் போனது எப்படி என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

காஸாவது நேர்மையாகத் தோற்றார். சமரசவாதிகளின் கதை வேறு. ஆதியாகமத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவே கோடி வருஷ இடைவெளியைச் செருகலாம் என்றார் ஸ்காத்லாந்துப் போதகர் தாமஸ் சாமர்ஸ். ஒரு நாள் என்பது ஒரு யுகம் என்றார் கல்கொத்தனாக இருந்து ஜியாலஜிஸ்டான ஹ்யூ மில்லர். இரண்டும் நல்ல மனசோடு செய்யப்பட்டவை. ஆனால் இந்தத் தையல் வேலையில் விஞ்ஞானம் ஒரு அடி நகரும்போதெல்லாம் வேதத்துக்கு மறுபடி அளவெடுத்துத் தைக்க வேண்டும். இதைச் சரியாக உணர்ந்தவர் ஒரு பாதிரியார்தான். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931-ல் முன்வைத்த பெல்ஜியத்துக் குரு ஜார்ஜ் லெமேட்ர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த ஆரம்பத்தைப் படைப்புக்குச் சாட்சியாகக் கொண்டாடிப் பேசினார். வேறொருவராக இருந்தால் மாலை வாங்கிக்கொண்டிருப்பார். லெமேட்ர் சங்கடப்பட்டார், தம் கொள்கை மத விவாதத்துக்கு வெளியே நிற்பது என்பதில் உறுதியாக இருந்தார். அடுத்த வருஷம் ரோமில் வானவியலாளர்கள் கூடியபோது போப் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

சரி, இளம் பூமிக் கொள்கை இன்றைய உருவத்தில் எங்கிருந்து வந்தது? 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் அடிப்படைவாதத்துக்கே பெயர் தந்த கட்டுரைத் தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் எழுதிய ஜேம்ஸ் ஓர், ஜார்ஜ் ஃப்ரெடரிக் ரைட் போன்றவர்களுக்குப் பூமியின் முதுமை தொந்தரவாக இல்லை. 1925-ல் டேட்டன் ஊரில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மீது வழக்கு நடந்தபோது, வேதத்தின் தரப்பில் நின்ற ப்ரையன்கூடச் சாட்சிக் கூண்டில், நாள் என்பது இருபத்துநாலு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். பாறை அடுக்குகள் எல்லாம் ஒரே பிரளயத்தின் எச்சம் என்ற கொள்கையை வளர்த்தவர் ஜார்ஜ் மக்ரெடி ப்ரைஸ், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினர். அந்தச் சபையின் எலன் வொயிட் அம்மையாரின் தரிசனங்களை நம்பியவர். அவருடைய கருத்தை எடுத்து, வேதபண்டிதர் விட்கோமும் நீரியல் எஞ்ஜினியர் ஹென்றி மாரிஸும் 1961-ல் பிரளயத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆறாயிரம் வருஷம் என்பது விசுவாசத்துக்கு உரைகல் ஆயிற்று. ஆதி நம்பிக்கை என்று விற்கப்படும் இந்தச் சரக்கு, ட்ரான்ஸிஸ்டர் ரேடியோவைவிட இளையது. இதைப் பள்ளிகளில் புகுத்த ஆர்க்கன்ஸா மாநிலம் சட்டம் செய்தபோது எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. பிஷப்புகளும் உடன் நின்றார்கள். 1982-ல் சட்டம் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. ‘கிறிஸ்துவம் முடிஞ்சு போச்சு’ என்கிற நண்பர் இந்தக் கிறிஸ்துவர்களை எங்கே வைப்பார்?

இனி மூலத்துக்கு வருவோம். என் உண்மையான கோபம் இங்கேதான். அந்த முதல் அத்தியாயம் எந்தச் சூழலில் பேசுகிறது? அது இன்றைய உருவம் பெற்றது பாபிலோன் சிறையிருப்புக் காலத்தையொட்டி என்பது பல அறிஞர்களின் கருத்து. பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் கிங்கு என்ற தோற்ற தேவனைக் கொன்று அவன் ரத்தத்தில் மனிதனைப் பிசைகிறார்கள். எதற்கு? தேவர்களுடைய வேலையைச் சுமக்க. மனிதன் பிறவிக் கூலி. அந்த ஊரில் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். தேவனின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. இந்தப் பேரரசின் நிழலில் உட்கார்ந்துகொண்டு தோற்றுப்போன ஒரு சிறு ஜனம் எழுதுகிறது: சூரியனும் சந்திரனும் பெயர்கூட இல்லாத இரண்டு விளக்குகள், ஆணும் பெண்ணுமாக மனிதர் எல்லோரும் தேவ சாயல். அரசனின் பட்டத்தைப் பிடுங்கிக் கூலிக்காரனுக்குக் கட்டிவிட்டார்கள். மனிதனின் முக்கியத்துவம் என்ற பேச்சு அங்கே இந்த அர்த்தத்தில்தான் வருகிறது. யாரும் பிறவிக் கூலி அல்ல என்பது அதன் பொருள். வருஷக் கணக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பூமிக்கு ஆறாயிரம் வயதானாலும் 454 கோடி ஆனாலும் இந்த வாக்கியத்தின் உண்மையோ பொய்யோ ஒரு இழை அசையாது. கென்டக்கிக்காரர்கள் இந்தக் கவிதையைப் பொம்மை டைனோசருக்கு அத்தாட்சிச் சீட்டாக்கிவிட்டார்கள். நம்மவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கவிதையைப் பார்த்ததாக நினைத்துச் சிரிக்கிறார்கள். இரண்டும் ஒரே வாசிப்புக் கோளாறு.

மனிதன் பிரபஞ்சத்தின் நடுநாயகம் என்ற மமதையை வளர்த்தது பைபிள் என்பார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே யோபு இருக்கிறான். நியாயம் கேட்டு வாதாடிய யோபுவுக்கு, கடைசியில் சூறாவளியிலிருந்து பதில் வருகிறது. பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்பது முதல் கேள்வி. மனிதன் இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்வதைப் பற்றி அங்கே பேச்சு வருகிறது. காட்டுக் கழுதை, தீக்குருவி, முதலையைப் போன்ற பெரிய ஜந்து ஒன்று. இவற்றில் எதுவும் மனிதனுக்காக இல்லை. ஸிக்கர் முனையில் ப்ளேஃபேருக்குச் சுற்றிய தலை, அதற்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் யோபுவுக்குச் சுற்றியிருக்கிறது. யோபு அற்பமானவன் என்று அந்த நூல் முடியவில்லை. அவ்வளவு பெரிய பதில் அவனுக்குத் தரப்பட்டது என்பதே அவனுடைய முக்கியத்துவம். கேள்வி கேட்கும் ஒரு ஜந்து இங்கே இருக்கிறது. 454 கோடி என்ற எண்ணையும் அந்த ஜந்துதான் கண்டுபிடித்தது.

எதிர்க்கட்சியின் சிறந்த வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்க் ட்வைன் 1903-ல் எழுதிய ஒரு நையாண்டியில், உலகின் வயதை ஈஃபில் கோபுரமாக வைத்துக்கொண்டால் மனிதனின் பங்கு அதன் உச்சிக் குமிழில் பூசிய வர்ணத்தின் கனம். அந்த வர்ணத்துக்காகத்தான் கோபுரம் கட்டப்பட்டது என்று நம்புவதா என்று கிண்டல் செய்கிறார். கோபுரம் வர்ணத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. ட்வைன் கட்சிக்கு முழு வெற்றி. ஆனால் வர்ணம் அற்பம் என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறவன், இரும்பு துருவைப் பற்றி ஒன்றும் அறியாதவன். இந்த மெல்லிய படலம் இப்போது கோபுரத்தையே அரித்துக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களாக நிலத்தடியில் புதைந்திருந்த கரியை இரண்டு நூற்றாண்டில் எரித்துக் காற்றில் கலந்துவிட்டோம். மனித யுகம் என்று பூமியின் காலக் கணக்கில் தனிப் பிரிவு சேர்க்கலாமா என்று ஜியாலஜிஸ்டுகள் வருஷக்கணக்கில் வாதாடி 2024-ல் அந்தப் பிரேரணையை நிராகரித்தார்கள். பெயர் கிடைக்கவில்லை; பாறையில் தடயம் நிற்கும்.

இங்கேதான் ‘மனிதன் அற்பம்’ என்ற வேதாந்தம் அபாயமாகிறது. அற்பனுக்குப் பொறுப்பு கிடையாது. ஆறாயிரம் வருஷக்காரருக்கும் பொறுப்பு குறைவு. நேற்று திறந்த கடையை நாளை மூடப்போகிறார்கள் என்றால் கூரையைச் செப்பனிட யார் மெனக்கெடுவார்? மேற்கத்தியக் கிறிஸ்துவத்தின் மனித மையப் பார்வைதான் இயற்கையின் சீரழிவுக்கு வேர் என்று 1967-ல் லின் வொயிட் எழுதினார். அவரும் கிறிஸ்துவர், அதே கட்டுரையில் அஸிஸியின் ஃபிரான்சிஸை மாற்றாகக் காட்டினார். பூமியை ஆளும் உரிமை என்பதைச் சூறையாடும் உரிமையாகப் படித்தது தவறான வாசிப்பு என்று 2015-ல் போப் ஃபிரான்சிஸின் சுற்றறிக்கை ஒப்புக்கொண்டது. தவறான வாசிப்பு: ஒரு விமர்சனப் பதம். காடு அழிவதற்கும் கடல் சூடாவதற்கும் பின்னால் ஒரு வாசிப்புப் பிழை இருக்கக்கூடும் என்றால், வாசிப்பைப் பற்றிப் பேசும் நம்மைப் போன்ற சிறு கூட்டத்துக்கு இதில் வேலை உண்டு.

நம் வீட்டையும் பார்த்துவிடலாம். கென்டக்கியைப் பார்த்துச் சிரித்த அதே வாய், அடுத்த மூச்சில், பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி வருஷம், நம் முன்னோர் அன்றே பூமியின் வயதைச் சொல்லிவிட்டார்கள் என்று பெருமை பேசும். அந்தப் புராணக் கணக்கின்படியே இந்தப் பகலில் கழிந்தது சுமார் 197 கோடிதான். மிச்சம் இனி வர வேண்டியது. சொந்தப் புராணத்தையும் கூட்டிப் பார்க்காத பெருமை. கல்லுக்கும் மண்ணுக்கும் முன்னால் பிறந்த குடி என்ற மேடைச் சங்கதியும் இதே ஜாதி. கவிஞன் உயர்வு நவிற்சியாகச் சொன்னதை ஜனன சர்டிபிகேட்டாக மாற்றுவது. அஷராவது உழைத்துக் கணக்குப் போட்டார். இவர்கள் கணக்கும் போடுவதில்லை.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் ஊரில் 1890-ல் ஒரு மெதடிஸ்ட் வீட்டில் ஆர்தர் ஹோம்ஸ் பிறந்தார். வீட்டு பைபிளின் முதல் பக்க ஓரத்தில் 4004 என்ற எண்ணைச் சிறுவனாகப் பார்த்தார். அது அவரை மயக்கியது. கூடவே அந்த உதிரி நான்கு உறுத்தியது. நாலாயிரம் என்று முழுசாக இருக்கக் கூடாதா, அந்த நான்கு எங்கிருந்து வந்தது? 1911-ல், மாணவராக இருந்தபோதே, யுரேனியம் ஈயமாகச் சிதையும் வேகத்தை வைத்து ஒரு நார்வேப் பாறைக்கு 37 கோடி வருஷம் என்று கணக்கிட்டார். 1913-ல் பூமியின் வயதைப் பற்றியே நூல் எழுதினார். அந்த வழியே போய் 1956-ல் விண்கற்களின் ஈயத்தை அளந்து 455 கோடி என்று நிறுவியவர் க்ளேர் பேட்டர்ஸன். நம் கவிஞர் ஒப்பித்த எண் இந்த வழியாகத்தான் அவருக்குக் கிடைத்தது.

அஷரின் அந்த நான்கைப் பார்த்து அந்தப் பையன் மண்டியிடவில்லை. சிரிக்கவும் இல்லை. ஏன் என்று கேட்டான்.